மூன்றடித் தொட்டியில் ஒரு டோமினோ டாம்சல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் மேற்குப் புறநகரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இந்தத் தொட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். முப்பது ஆண்டுகளாக நன்னீர் மீன் வளர்த்தவர். தங்கமீன், ஏஞ்சல், கௌராமி எல்லாம் அவர் கையில் நன்றாக வாழ்ந்திருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு கடல்மீன் வளர்க்கும் ஆசை வந்தது. அவருக்குத் துணை பதினோரு வயதுப் பேத்தி. இந்த ஆய்வில் நம்பத்தக்க எண்கள் இருக்கின்றன என்றால் அதற்கு அந்தச் சிறுமிதான் காரணம்.

தொட்டியின் நீளம் மூன்று அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி ஏறத்தாழ 190 லிட்டர். மணலும் பாறையும் பிடித்த இடம் போக, நீர் ஏறத்தாழ 150 லிட்டர். ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து நிரப்பியிருந்தார்கள். பாறைகள் சிமெண்டில் வார்த்துப் பல வாரங்கள் ஊறவைத்தவை. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், கடலில் பெயர்த்தெடுத்த பாறையை வாங்கக் கூடாது என்று பெரியவர் முன்பே படித்துத் தெரிந்துவைத்திருந்தார். இத்தனை கவனமுள்ள ஒருவரின் தொட்டியில்தான் பின்வருபவை நடந்தன.

ஜனவரியில் தொட்டி நிரம்பியதும், விற்பனையாளர் ஒருவர் டோமினோ டாம்சல் என்ற சிறு கறுப்புக் கடல்மீன்கள் மூன்றைக் கொடுத்து, "இவற்றை ஒரு மாதம் விட்டுவையுங்கள், தண்ணீர் பழுத்துவிடும்" என்றார். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த நஞ்சைத் தாங்கிக்கொள்ள ஓர் உயிரை உள்ளே விடுவது பழைய வழக்கம். டாம்சல் விலை குறைவு, உடல் உரம் அதிகம் என்பதால் எப்போதும் அதன் தலையில்தான் இது விடியும். கடல்நீரின் காரத்தன்மை (pH) 8.2 அளவில் இருக்கும்போது, நடுநிலையான நன்னீரில் இருப்பதைவிட அம்மோனியாவின் கூடுதல் பங்கு நச்சு வடிவத்தில் நிற்பதால், இங்கே வேதனை கூடுதல். இந்த வழக்கத்தை நான் கொடுமை என்றே கருதுகிறேன். மீன் இல்லாமலே, ஒரு துண்டு இறாலை அழுகவிட்டு அதே வேலையை முடிக்க முடியும்.

ஒன்பதாவது நாள் ஒரு டோமினோ இறந்தது. மூன்றாவது வாரம் இன்னொன்று, வால் துடுப்பு கிழிந்த நிலையில். பிப்ரவரி நடுவில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அப்போது அதன் நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர். அடுத்த இரண்டு மாதங்கள் அது தனியாக, யாரும் குறுக்கிடாமல், தொட்டி முழுவதையும் ஆண்டது.

இந்த மீனைப் பற்றி

டாசிலஸ் டிரைமகுலேட்டஸ் என்பது அறிவியல் பெயர். உடல் கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி, முதுகின் இருபுறமும் ஒவ்வொன்று. செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, நம் லட்சத்தீவையும் சேர்த்து, பவளத் திட்டுகளில் வாழ்வது. குஞ்சுகள் பெரிய கடல் அனிமோன்களின் அருகில், சில சமயம் கடல் முள்ளெலிகளின் முட்களுக்கிடையில் கூட்டமாக ஒதுங்கும். அந்த வயதில் பார்ப்பவர் மனம் இளகும். கடைக்காரர் கொடுப்பதும் அந்த வயதில்தான்.

வளர்ந்தால் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். புள்ளிகள் மங்கி, கறுப்பு சாம்பலாகும். ஆண் ஒரு பாறைப் பரப்பைச் சுத்தம் செய்து, பெண் இடும் முட்டைகளைக் காவல் காக்கும். அப்போது தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனையும் எதிர்க்கும். துரத்தும்போதும் இணையை அழைக்கும்போதும் சிறு சிறு துடிப்புகளாக ஒலி எழுப்பும். இந்த ஒலிக்கும் இந்த நிகழ்வில் ஒரு பங்கு உண்டு, பிறகு வருகிறேன்.

கோமாளி மீனும் இதே குடும்பம்தான். எல்லை காப்பதில் இரண்டும் பங்காளிகள். விற்பனையில் ஒன்று செல்லப்பிள்ளை, மற்றொன்று முரடன் என்று பெயர் வாங்கியிருக்கின்றன.

ஏப்ரல்: கோமாளி மீன்கள் வந்தன

ஏப்ரல் மூன்றாம் வாரம் இரண்டு சிறு கோமாளி மீன்கள் வாங்கப்பட்டன. தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல், பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, நேராக உள்ளே விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் காலை ஒன்று பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது. மற்றது வலது மேல் மூலையில், பம்பிலிருந்து நீர் திரும்பும் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இரை போட்டாலும் வரவில்லை.

குடும்பம் இதை நோய் என்று நினைத்தது. கடையில் செம்பு மருந்து ஊற்றச் சொன்னார்கள். புட்டியை வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, ஊற்றுவதற்கு முன் யாரையாவது கேட்போம் என்று பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு பொது நண்பர் மூலம் என்னை அழைத்தார். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவன். தெரிந்தவர் வீடுகளில் சிக்கல் என்றால் போய்ப் பார்ப்பேன். தொழிலாகச் செய்வதில்லை.

முதல் வருகை: மே முதல் வாரம்

போனவுடன் தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. நைட்ரேட் 20 அளவில், பொறுத்துக்கொள்ளக்கூடியது. காரத்தன்மை 8.1. வெப்பம் 29 டிகிரி. மே மாதச் சென்னைக்கு இது பரவாயில்லை. தொட்டியின் மேல் சிறு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

உப்பளவுதான் திடுக்கிட வைத்தது. ஒப்படர்த்தி 1.029. இருக்க வேண்டியது 1.025 அல்லது 1.026. மின்விசிறிக் காற்றில் தினமும் இரண்டு லிட்டருக்கு மேல் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஈடுகட்ட வீட்டில் உப்புக் கரைத்த நீரையே ஊற்றிவந்திருக்கிறார்கள். 'கடல் தொட்டிக்குக் கடல் நீர்' என்று நினைப்பது இயல்பு. விளக்கியதும் பெரியவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "இதையே வகுப்பில் உப்பளத்தை உதாரணம் காட்டி இருபது வருஷம் நடத்தியிருக்கிறேன்" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது.

ஒரே நாளில் உப்பைக் குறைத்தால் பாறையில் உள்ள பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் பாதிக்கப்படும். ஆகவே நான்கு நாட்களில், சிறிது சிறிதாக உப்புநீரை எடுத்து ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொன்னேன். பிறகு ஆவியாகும் அளவுக்குத் தினமும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர்.

அடுத்து மீன். மூலையில் ஒளிந்திருந்த கோமாளி மீனை டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தேன். உடலில் வெள்ளைப் பொட்டு இல்லை. மேல்தோலில் சளி இல்லை. மூச்சு வேகமாக இருந்தாலும் திணறல் இல்லை. வால் துடுப்பின் கீழ்ப்பாதி பிய்ந்திருந்தது. வயிற்றுத் துடுப்பில் ஒன்று பாதியாக இருந்தது. ஓடும் மீனைப் பின்னாலிருந்தும் கீழிருந்தும் கடித்த தடம் இது.

செம்பு மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். நோய்க்குறி இல்லாதது முதல் காரணம். தொட்டியில் இருந்த நத்தைகளும் துறவி நண்டுகளும் செம்பைத் தாங்காது என்பது இரண்டாவது. பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிப் பிறகு கசியவிடும் என்பதால், ஒருமுறை ஊற்றிய தொட்டியில் மறுபடி இறாலோ நண்டோ வைப்பதற்கு அஞ்ச வேண்டியிருக்கும். புட்டி பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போனது.

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம்

டோமினோதான் துன்புறுத்துகிறது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பது தெரியாமல் எதையும் மாற்ற எனக்கு மனமில்லை. பேத்தியிடம் கேட்டேன்: "ஒரு வாரம் எண்ணித் தருவாயா?" அவள் அன்று மாலையே கண்ணாடியின் அடிவிளிம்பில் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள் பிரித்து, அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று எழுதிவிட்டாள். காலை ஏழு மணிக்கும், மாலை விளக்கு எரிந்த பிறகும், இரவு இரை போட்ட பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடம். தொட்டியிலிருந்து ஆறடி தள்ளி நாற்காலி. அருகில் போனால் மீன் நம்மைத்தான் பார்க்கும் என்பதால் அந்தத் தூரம்.

ஒரு வாரக் கணக்கின் சாரம்: காலையில் சராசரி 9 துரத்தல்கள். விளக்கு எரிந்தபின் 14. இரவு இரை போட்டபின் 31. அந்த 31இல் 26 துரத்தல்கள் அ, ஆ, இ கட்டங்களில் தொடங்கியவை. தொட்டியின் ஒரே நல்ல குகை அ கட்டத்தில் இருந்தது. டோமினோ அங்கிருந்து பாய்ந்து ஈ கட்டம்வரை விரட்டி, பெரும்பாலும் அங்கே திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று ஈ கட்டத்தில் இருந்தது போலத்தான்.

எண்கள் அளவுக்கு அவள் எழுதியிருந்த இரண்டு குறிப்புகளும் உதவின. முதலாவது: "தாத்தா எப்போதும் இரையை இடது பக்க மூடித் திறப்பில்தான் போடுகிறார். கோமாளி சாப்பிட வேண்டுமென்றால் கறுப்பன் வீட்டுக்குள் போகவேண்டும்." நான் முக்கால் மணி நேரம் அந்தத் தொட்டி முன் உட்கார்ந்திருந்தும் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது: "டக்டக் சத்தம் துரத்தும்போது மட்டும் வருகிறது." பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ணி, பெரியவர் மார்ச்சிலேயே அதன் சுழலியை மாற்றியிருந்தார். கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். பம்ப் அமைதியாக ஓடியது. டோமினோ தன் பிம்பத்தைக் கண்ணாடியில் கண்டு பாய்ந்தபோது அந்தத் துடிப்பொலி வந்தது.

முதல் மாற்றமும் என் தவறும்

இரை போடும் இடத்தை வலப்பக்கம், ஊ கட்டத்துக்கு மாற்றினோம். உப்பளவும் அதற்குள் சரியாகியிருந்தது. இரவுத் துரத்தல் 31இலிருந்து 18க்கு இறங்கியது. கோமாளி மீன் முதல் முறையாக மூன்று மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர் இரை) துண்டுகளைத் தின்றது. அன்றிரவு எட்டரைக்குப் பேத்தி என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

இந்த இடத்தில் இரண்டு வாரம் நிதானித்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். பாறைகளைக் கலைத்து அடுக்கினால் பழைய எல்லை அழிந்து, இரண்டு மீன்களும் புதிதாக வந்தவை போலத் தொடங்கும் என்பது எங்களிடையே பரவலான நம்பிக்கை. பல தொட்டிகளில் அது பலித்தும் இருக்கிறது. மே மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைகளை எல்லாம் எடுத்து, இடப்பக்கம் ஒரு குவியல், வலப்பக்கம் ஒரு குவியல், நடுவில் வெறும் மணல் என்று அமைத்தேன். இரண்டு குவியல்களிலும் குகை வைத்தேன். டோமினோவை வெளியே எடுக்கவில்லை.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் டோமினோ இடக் குவியலைப் பிடித்தது. ஐந்தாம் நாள் நடு மணலையும் தனதாக்கிக்கொண்டது. முன்பு ஈ கட்டத்தில் இருந்த வேலி இப்போது இல்லை. பழைய அமைப்பில் அது தன் எல்லையை அறிந்திருந்தது. நான் அதைக் கலைத்தபோது, கோமாளி மீன் எந்த மூலையில் நின்றால் விட்டுவிடும் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துக் கலைத்துவிட்டேன். ஆறாம் நாள் கோமாளியின் இடக் கண் வீங்கி, விழி மங்கியிருந்தது. இரவுக் கணக்கு 37. நான் தலையிடுவதற்கு முன்பிருந்ததைவிட அதிகம்.

பாறையை மாற்றுவது தவறான முறை என்று சொல்ல மாட்டேன். வலிய மீன் வெளியே இருக்கும்போது செய்திருக்க வேண்டும். அதோடு, மூன்றடித் தொட்டியில் பாறையை எப்படி அடுக்கினாலும் ஒரு முனையிலிருந்து மறு முனை தொண்ணூறு சென்டிமீட்டர்தான். கடலில் துரத்தப்படும் மீன் நாலு பாய்ச்சலில் எல்லை தாண்டிவிடும்; அது தாண்டியதும் துரத்தும் மீனும் திரும்பிவிடும். அங்கே துரத்தலுக்கு முடிவு உண்டு. கண்ணாடிக்குள் முடிவு இல்லாததால் அதே துரத்தல் கொலையாகிறது.

பிடித்தல்

மறுநாளே டோமினோவை எடுத்துவிட முடிவு செய்தோம். வலையால் பாறைகளுக்கிடையில் டாம்சலைப் பிடிக்க முயல்வது மற்ற மீன்களையும் மிரட்டும் வேலை. நான் ஒருமுறை முயன்று நிறுத்தினேன். பொறி வைத்தோம். முதலில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகினோம். டோமினோ உள்ளே இருந்த இரையைப் பார்த்தது, மூக்கை நுழைத்தது, உடல் நுழையவில்லை. வட்டமான, உயரமான உடல் கொண்ட மீன் அது. ஐந்து லிட்டர் கேனின் அகன்ற வாயை அதேபோல அறுத்துச் செருகினோம். இரண்டு காலைப்பொழுதுகள் கேனைச் சும்மா வைத்து, வாயருகே மட்டும் இரை போட்டோம். மூன்றாம் காலை இரை உள்ளே, மீனும் உள்ளே. பெரியவரின் மனைவிதான் கேனின் வாயை உள்ளங்கையால் மூடித் தூக்கினார். "பாவம், இதுவும் பசிக்குத்தானே வந்தது" என்றார்.

கொக்கியில் தொங்கும், துளைகள் உள்ள அக்ரிலிக் பெட்டியில் ஒரு துண்டு குழாயையும் போட்டு, டோமினோவை அதில் விட்டு, அதே தொட்டியின் வலது மேற்பகுதியில் மாட்டினோம். வேறு தொட்டிக்கு எடுத்துப்போகாததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் ஒன்றாக இருப்பதால் மீனுக்கு அதிர்ச்சி இல்லை. கோமாளி மீன் குகையில் குடியேறுவதை டோமினோ பார்த்துக்கொண்டே இருக்கும், எதுவும் செய்ய முடியாது.

பதினெட்டு நாட்கள் அந்த ஏற்பாடு நீடித்தது. கோமாளி நான்காம் நாள் மூலையை விட்டு வந்தது. கண் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. மருந்து எதுவும் போடவில்லை, வாரம் இருபது லிட்டர் நீர் மாற்றினோம். இதற்குள் குடும்பம் துணைக்கு ஒரு சிறிய கோமாளி மீனை வாங்கி, தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, நோயில்லை என்று உறுதியானபின் உள்ளே விட்டது. பெரியது சிறியதை ஒரு நாள் மிரட்டியது. சிறியது உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டிப் பணிந்தது. அதோடு சரி.

திரும்ப விட்டதும் விளைவும்

ஜூன் நடுவில், விளக்கணைத்த பிறகு டோமினோவைப் பெட்டியிலிருந்து விட்டோம். முதல் நான்கு நாள் துரத்தல் பூஜ்யம் முதல் மூன்று. இடக் குகைக்குள் போனபோது கோமாளிகள் இரண்டும் சேர்ந்து அதைத் துரத்திவிட்டன. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். நானும் முடிந்துவிட்டது என்றுதான் எண்ணினேன்.

ஐந்தாம் நாள் 7. மூன்றாம் வாரம் 22. வலக் குவியலைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நடுமணல்வரை தன் ஆட்சியை நீட்டியிருந்தது. அளந்து பார்த்தபோது நான்கரை சென்டிமீட்டர் இருந்தது. பிப்ரவரியில் மூன்று. மீன் வளர வளர அது கேட்கும் இடமும் வளரும், தொட்டி வளராது. இந்தக் கணக்கில் காலம் எங்களுக்கு எதிராகவே இருந்தது. சிறிய கோமாளியின் வாலில் முதல் கிழிசல் தெரிந்த அன்று, இனி இந்தத் தொட்டியில் சமரசம் தேடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

கடலில் விடலாமா?

பெரியவர் கேட்டது இது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும், பெசன்ட் நகர்க் கரையில் விட்டுவிடலாம் என்றார். அவர் குரலில் இருந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் உறுதியாக மறுத்தேன். சென்னைக் கரை மணற்கரை. இந்த மீன் ஒட்டி வாழப் பவளத் திட்டோ அனிமோனோ அங்கே இல்லை. அது எந்தக் கடலில் பிடிக்கப்பட்டது என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஒரே விற்பனைத் தொட்டியில் பல கடல்களின் மீன்கள் கலந்து நிற்கின்றன. அங்கிருந்து ஒட்டிவரும் ஒட்டுண்ணியை நம் கடலில் கொண்டுபோய் விடுவது, ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கத்தை ஆயிரம் உயிர்களுக்குத் தீங்காக்கும்.

கடைக்குத் திருப்பிக் கொடுப்பது அடுத்த வழி. அவர்கள் அதை இன்னொரு புதுத் தொட்டியைப் பழுக்க வைக்கத்தான் கொடுப்பார்கள். அம்மோனியாவில் ஒருமுறை வெந்து பிழைத்த மீனை மறுபடி அதில் தள்ள எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாவது வழி பெரிய தொட்டி. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆறடி நீளத்தில், எழுநூறு லிட்டர் தொட்டி இருக்கிறது. அதில் கையளவு ஏஞ்சல் மீன் ஒன்று, டாங் இரண்டு, ராபிட் மீன் ஒன்று. டோமினோ அங்கே கடைசியாக நுழைவது, எல்லோரிலும் சிறியது. முதலில் வந்ததும் தனியாக வளர்ந்ததும்தான் இங்கே அதன் பலம். அங்கே இரண்டும் இராது. அவரும் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின், ஜூலை இறுதியில் மாற்றினோம். வழியனுப்பும்போது பேத்தி அழுதாள். எல்லாத் துரத்தலையும் எண்ணியவள் அவள்தான். அந்த மீனை வீட்டில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவளும் அவள்தான்.

பின்னர்

அக்டோபர் இறுதியில் பெரியவரையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு அந்த ஆறடித் தொட்டியைப் பார்க்கப் போனேன். டோமினோ வலக்கோடியில் ஒரு பாறைத் தூணைப் பிடித்திருந்தது. ஓரடிக்குள் எது வந்தாலும் பாய்கிறது, வந்த மீன் விலகுகிறது, அது திரும்புகிறது. பதினைந்து நிமிடத்தில் 11 துரத்தல். எந்த மீனுக்கும் கிழிசல் இல்லை. அதன் குணம் கொஞ்சமும் மாறவில்லை. முதுகுப் புள்ளிகள் சிறுத்திருந்தன, உடல் கொழுத்திருந்தது.

பழைய தொட்டியில் கோமாளிகள் இணையாகிவிட்டன. பெரியதுதான் பெண். கோமாளி மீன்களில் குழுவின் மிகப் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆண். இப்போது பெரியவர் கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் அந்தப் பெண் கோமாளி விரலைக் கடிக்கிறது. ஒரே குடும்பம் என்று சொன்னேன் அல்லவா.

மறுபடி செய்வதானால்

மீனை விட்டுத் தண்ணீரைப் பழுக்க வைக்க மாட்டேன், யாரையும் வைக்கவும் விட மாட்டேன். இந்த நிகழ்வில் மூன்று மீன்கள் இறந்தன. வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு டோமினோக்கள் செத்ததோடு, மிஞ்சிய மூன்றாவதை இரண்டு மாதம் தனி அரசனாக்கியதும் அந்த முடிவுதான்.

எல்லை காக்கும் மீன் வேண்டும் என்றால் அதைக் கடைசியில் விட வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு டோமினோ எந்த வரிசையிலும் பொருந்தாது. அந்த வகையில்தான் ஆசை என்றால், மஞ்சள்வால் டாம்சல் போல ஆறேழு சென்டிமீட்டரில் நின்றுவிடும் சாதுவான ஒன்றைக் கேட்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களையும் சில டாம்சல்களையும் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் கிடைக்கும்போது திட்டிலிருந்து பிடித்ததைத் தேடாதிருப்பது நல்லது.

துளைப்பெட்டியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தியிருந்தால், ஏப்ரலில் அந்தக் கோமாளி இறந்திருக்காது என்று நம்புகிறேன். புதியவனைப் பெட்டியில் வைத்துப் பழையவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று ஒரு வாரம் பார்த்தால் போதும். விடலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வேன். இரையிடத்தை மாற்றியது பலன் தந்துகொண்டிருந்தபோது பாறையைத் தொட்டது என் குற்றம். கோமாளியின் கண் அதற்குக் கொடுத்த விலை.

டிசம்பரில் பெரியவர் ஒரு சிறு கோபி மீன் வாங்கியிருக்கிறார், மணலில் இறால் பறிக்கும் குழியில் அந்த இறாலோடு சேர்ந்து வாழும் வகை. தனித்தொட்டியில் இன்று ஒன்பதாம் நாள். ஆர்டீமியா என்ற சிற்றிறால் இரையை எடுக்கிறது. இன்னும் ஐந்து நாள் கழித்து, கோமாளிகளின் குகைக்கு எதிர்ப்பக்கம், உ கட்டத்தில் பெட்டியை மாட்டுவதாக இருக்கிறோம். அ முதல் ஊ வரை எழுதிய ஒட்டுநாடா கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. பேத்தி நோட்டில் புதிய பக்கம் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறாள்.